மட்டக்களப்பு மணலில் கமுகும் சிவப்புத் தண்டுப் பாமும்: வேலி தொடங்கி மூன்றாம் கச்சான் வரை

கமுகும் அதை ஒத்த மென்மையான பாம் வகைகளும் ஈரக்காற்றுக்குப் பழகியவை. எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம்) மணலில் நட்ட கன்று அடுத்த ஆடிக்குள் காய்ந்துபோனால் தண்ணீர் போதவில்லை என்றுதான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். ஆனால் நாளுக்கு இரண்டு வாளி ஊற்றிய கன்றும் காய்கிறது. வேர் உறிஞ்சி மேலே அனுப்புவதைவிட வேகமாக, தென்மேற்கிலிருந்து வறண்டு வீசும் கச்சான் காற்று ஓலையிலிருந்து ஈரத்தைப் பறித்துவிடுவதே காரணம். புதிதாக நட்ட கன்றுக்கு இருக்கிற வேரோ ஒரு கைப்பிடிதான்.

அதனால் இந்த வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காற்றுத் தடுப்பு, அடுத்து நிழல், அதன்பின் கிணற்று நீரை அளப்பது, பிறகு குழி, எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கன்று. நாற்றுமேடையில் அழகாக நின்றதென்று முதலில் கன்றை வாங்கிக்கொண்டு வந்து, அதற்கு எங்கே இடம் என்று பிறகு தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை.

1. எந்த மரம், எந்த மண்

கமுகு இவற்றில் ஓரளவு இணங்கிப் போகும் மரம். தென்னை நிழலும் கிணற்றடி ஈரமும் கிடைத்தால் நின்று பிடிக்கும். கடைகளில் ‘அரிக்கா பாம்’ என்று விற்கும் மஞ்சள் தண்டுப் பாம் வேறு இனம், மடகாஸ்கருக்கு உரியது. முதல் முயற்சிக்கு அதுதான் ஏற்றது. பக்கக் கன்று விட்டுப் புதராக வளரும், வெயிலையும் கொஞ்சம் தாங்கும்.

சிவப்புத் தண்டுப் பாம் (லிப்ஸ்டிக் பாம்) மலாயா, சுமாத்திரா, போர்னியோப் பக்கத்துச் சதுப்புக் காட்டு மரம். வேரடியில் தண்ணீர் நின்றாலும் கவலைப்படாது, ஆனால் முழுக்கக் காயவிட்டால் தாங்காது. லிக்குவாலா என்னும் வட்ட விசிறிப் பாமின் ஓலை கீறலில்லாத முழு வட்டம். காற்றுப் பட்டால் கிழிந்துவிடும்.

முதல் மாரியில் கமுகும் மஞ்சள் தண்டுப் பாமும் மட்டும் நடுங்கள். அவை ஒரு கச்சானைத் தாண்டிய பிறகு சிவப்புத் தண்டுப் பாமைத் தொடலாம். லிக்குவாலாவைத் தரையில் நடாமல் சாடியில் வைத்துக் கிழக்குப் பார்த்த விறாந்தையிலேயே வளர்ப்பது நல்லது.

கடலுக்கு மிக அருகே உள்ள வளவுகளில் இவை எதையும் நட வேண்டாம். உங்கள் வாழையிலைகளில் கடற்பக்க விளிம்பு மட்டும் கருகுகிறதா என்று பாருங்கள். கருகினால் அந்த இடத்துக்கு உப்புக்காற்று வருகிறது. அங்கே தென்னை நிற்கும், கமுகு நிற்காது.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

கிடுகு, வேலித்தடி, ஆறடி நீளக் கிளிசிறிடியாக் (சீமைக்கிளுவைக்) கம்புகள், வாழைக்குட்டிகள், 50 வீத நிழல் வலை, பேனை போன்ற சிறிய ரீ.டி.எஸ். மானி (நீரில் கரைந்த உப்பை அளப்பது), பொச்சுமட்டை (தேங்காய் மட்டை), நன்றாக மக்கிய மாட்டெரு, உமிக்கரி, சுண்ணாம்பு. உமிக்கரி நெல் ஆலைகளில் கிடைக்கும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சிரமமே இல்லை.

பொச்சுமட்டையை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். வாவியோரம் உவர்நீரில் ஊறிய மட்டையும் அதிலிருந்து வந்த தும்புத்தூளும் உப்பைப் பிடித்து வைத்திருக்கும். வாளியில் போட்டு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்து வடித்த பிறகே பயன்படுத்துங்கள். கடைசியாக வடித்த நீரில் மானியை வைத்தால் உங்கள் நல்ல தண்ணீரின் அளவுக்கு அண்மையாகக் காட்ட வேண்டும்.

எருவில் சாண வாடை இருந்தால் அது இன்னும் மக்கவில்லை. மக்காத எரு குழிக்குள் சூடேறி வேரைப் பொசுக்கும். காண்டாமிருக வண்டும் அதில் முட்டையிடும்.

3. காற்றையும் வெயிலையும் தனித்தனியே மறித்தல்

இரண்டும் ஒரே திசையிலிருந்து வருவதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கச்சான் தென்மேற்கிலிருந்து வருகிறது. மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குவதால் அது சூடாகவும் வறண்டும் இருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை அதன் காலம். ஆகவே காற்றுத் தடுப்பு கன்றுக்குத் தென்மேற்கே இருக்க வேண்டும்.

வெயில் வேறு. கமுகை மேற்கு, தென்மேற்கு வெயிலிலிருந்து காக்கும்படி தென்னிந்திய வழிகாட்டிகள் சொல்லும். அவர்களுக்கு வறண்ட காலம் கார்த்திகையில் தொடங்குகிறது, அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நமக்கோ ஆனி, ஆடியில்தான் வறட்சி. அந்த மாதங்களில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு மேலேயே இல்லை, ஆனியில் சுமார் 15 பாகை வடக்கே விலகி நிற்கும், மாலையில் மேற்குக்கும் வடமேற்குக்கும் இடையில் இறங்கும். தென்மேற்கே மட்டும் நிழல் கட்டினால் பிற்பகல் 3 மணி வெயில் திறந்த பக்கத்தால் நேரே தண்டில் அடிக்கும். நமக்கு நிழல் மேற்கிலும் வடமேற்கிலும் தேவை.

காற்றுக்கு முதலில் ஆறடிக் கிடுகு வேலி. நெருக்கி அடைக்காமல் கொஞ்சம் காற்று ஊடுருவும்படி விடுங்கள். தகரம் அடித்தால் காற்று அதன்மேல் ஏறி மறுபக்கத்தில் சுழன்று கன்றின் தலையிலேயே விழும். தகரத்தின் சூடு வேறு. இடைவெளியுள்ள வேலி காற்றின் வேகத்தைக் குறைத்து விடுகிறது, சுழல் உண்டாவதில்லை. கன்று வேலியிலிருந்து இருபதடிக்குள் இருக்கட்டும். அதற்கு அப்பால் பயன் படிப்படியாகக் குறையும்.

கமுகு வேலிக்கு மேலே தலைநீட்டும் நாளும் வரும். அதற்காக அதே வரிசையில் கிளிசிறிடியாக் கம்புகளை இரண்டடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். கன்று நடுவதற்கு ஒரு மாரி முன்னதாக, ஐப்பசி மழையில் ஊன்றினால்தான் அடுத்த கச்சானுக்கு இலை நிறைந்து நிற்கும். இதைத் தழைக்காக வெட்டுவதென்றால் மாரித் தொடக்கத்தில் வெட்டுங்கள். வைகாசியில் வெட்டினால் காற்றுக்குக் கதவு திறந்துவிட்டது போல.

நிழலுக்கு வாழை. கன்றின் குழியிலிருந்து ஐந்தடி தள்ளி மேற்கில் ஒன்று, வடமேற்கில் ஒன்று. இதுவும் ஒரு மாரி முன்னதாகவே. வாழை எழும்பாத இடத்தில் நிழல் வலை கட்டலாம். வலை குருத்துக்கு மேல் குறைந்தது இரண்டடி உயரத்தில் இருக்க வேண்டும். தலையோடு ஒட்டிக் கட்டினால் சூடு அடியில் தேங்கும். கிழக்குப் பக்கம் திறந்தே கிடக்கட்டும். காலை வெயில் இந்த மரங்களுக்கு வேண்டும்.

மேற்கு வெயில் படும் வெள்ளைச் சுவருக்கு அருகில் நடாதீர்கள். சுவர் வெயிலை ஓலையின் அடிப்பக்கத்துக்குத் திருப்பிவிடும். ஆறடியாவது தள்ளுங்கள்.

4. கிணற்று நீரை அளத்தல்

நாக்கில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று முடிவெடுக்க வேண்டாம். நாம் குடித்துப் பழகிய உவர், சிவப்புத் தண்டுப் பாமுக்கு அதிகம்.

மாசியில் அளந்தால் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணிக் கடைசியில், கிணறு அடியில் கிடக்கும்போது அளவுங்கள். மோட்டர் போடுவதற்கு முன் ஒரு முறை, அரை மணி நேரம் ஓடிய பின் ஒரு முறை. கரையோர மணலில் மழைநீர் இலேசானதாக மேலே மிதக்கிறது, அடியில் உவர்நீர். தொடர்ந்து இறைத்தால் உவர் மேலே இழுபட்டு வரும். இரண்டு அளவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் ஒரே தடவையில் நீண்ட நேரம் இறைக்காமல் காலை, மாலை என்று பிரித்துக் குறைவாக இறைத்துத் தொட்டியில் சேர்க்க வேண்டும்.

மானி 450 பி.பி.எம்.முக்குக் (பத்து இலட்சத்தில் 450 பங்குக்குக்) கீழே காட்டினால் எதையும் நடலாம். 450 முதல் 1000 வரை கமுகும் மஞ்சள் தண்டுப் பாமும் போகும், ஆனால் 8ஆம் பகுதியில் சொல்லும் உப்புக் கழுவல் கட்டாயம். 1000க்கு மேல் என்றால் கமுகு நடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓலை நுனி ஆண்டு முழுதும் கருகி நிற்கும் மரம் எவருக்கும் மகிழ்ச்சி தராது.

சிவப்புத் தண்டுப் பாமுக்கு மழைநீரே நல்லது. பத்துச் சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1000 லீற்றர். சிந்தியது போக 800 கைக்கு வரும். மாரியில் 1000 லீற்றர் தொட்டி ஒன்றை நிரப்பி மூடி வைத்தால் நாளுக்குப் பத்து லீற்றர் வீதம் ஒரு புதருக்கு நூறு நாள். கச்சானின் கடுமையான பகுதிக்கு அது போதும்.

5. குழி

மணல் வளவில் மூன்றடி நீளம், அகலம், ஆழம். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே வெட்டி நிரப்பிவிடுங்கள். நிரப்பிய மண் மழையில் அமுங்கும். அமுங்குவதற்கு முன் நட்டால் கன்றும் சேர்ந்து இறங்கி, வேர் தண்டில் தொடங்கும் கழுத்துப் புதைந்துவிடும்.

அடியில் பொச்சுமட்டை இரண்டு அடுக்கு, குழிந்த பக்கம் மேலே பார்க்க. கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வழுக்கி ஓடிவிடும். அதன்மேல் கலவை: தோண்டிய மேல்மண்ணோடு நாலு தாச்சி (மண் அள்ளும் இரும்புச் சட்டி) மாட்டெரு, இரண்டு தாச்சி உமிக்கரி, காயவைத்து உடைத்துத் தூளாக்கிய வயற்களி இரண்டு தாச்சி. களியைத் தனி அடுக்காகப் போடக் கூடாது. மணலுக்கும் களிக்கும் இடையில் கூர்மையான எல்லை விழுந்தால் தண்ணீரும் வேரும் அங்கேயே நின்றுவிடும். ஒன்றாகப் புரட்டிக் கலந்து போடுங்கள்.

படுவான்கரையில் (வாவிக்கு மேற்கே), களி கலந்த மண்ணில் இதற்கு நேர்மாறு. அங்கே மூன்றடிக் குழி மாரியில் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். ஒன்றரை அடி ஆழம் போதும். தோண்டிய மண்ணோடு எருவைக் கலந்து ஒன்றரை அடி உயர மேடு கட்டி, கன்றை மேட்டின் மேல் நடுங்கள். அந்தப் பக்கம் யானை வரவுள்ள கிராமங்களில் மின்வேலிக்கு வெளியே நடுவதற்கு முன் யோசியுங்கள். இளம் பாம் குருத்தை யானை விடாது.

கமுகுக்குக் கமுகு ஒன்பதடி. நெருக்கி நட்டால் ஒன்றுக்கொன்று நிழல் தரும் என்பது உண்மைதான், ஆனால் மணலில் வேர்கள் நீருக்குப் போட்டி போடும்.

சிவப்புத் தண்டுப் பாமுக்கான குழியில் ஒரு மாற்றம் செய்யுங்கள். குழியின் அடிப்பாகத்தில் தடித்த பொலித்தீனை விரித்துப் பக்கச் சுவர்களில் தரைமட்டத்திலிருந்து ஓரடி கீழ்வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் பொலித்தீன் இல்லாததால் மிகுந்த நீர் வழிந்து போகும். கீழே எப்போதும் ஈரம் தேங்கி நிற்கும்.

6. கன்றைத் தெரிவதும் பழக்குவதும்

கமுகை நீங்களே முளைக்க வைக்கலாம். முற்றிப் பழுத்த பழத்தைத் தோலோடு, காயவிடாமல் எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் காம்புப் பக்கம் மேலே தெரியச் செங்குத்தாக மிதப்பவைதான் வலுவான நாற்றுத் தரும். படுத்து மிதப்பவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

காம்புப் பக்கம் மேலே இருக்க ஆற்றுமணலில் நெருக்கமாக நட்டு, மேலே மெல்லியதாக மணல் தூவி நாள்தோறும் நனையுங்கள். ஒன்றரை மாதமளவில் முளை தெரியும். சிலது மூன்று மாதம் எடுக்கும், கிளறிப் பார்க்க வேண்டாம். இரண்டு இலை வந்ததும் பைக்கு மாற்றி, ஒன்று முதல் ஒன்றரை வயதில், ஐந்து ஓலை உள்ளபோது தரைக்கு. மற்ற வகைகளை வாங்குவதே எளிது.

வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். கழுத்துத் தடிப்பைப் பாருங்கள். குருத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள், இழுத்தால் வரும் குருத்து அழுகியது. பையின் அடியில் சுருண்ட தடித்த வேர் வெளியே தள்ளி நின்றால் விடுங்கள். சிவப்புத் தண்டுப் பாம் புதரை இரண்டாகப் பிரித்து நட நினைக்க வேண்டாம், வேர் கலைந்தால் அது மீள்வது அரிது.

மலைநாட்டிலிருந்தும் கம்பஹா, கேகாலைப் பக்கமிருந்தும் வரும் கன்றுகள் ஈரக்காற்றிலும் கடும் நிழலிலும் வளர்ந்தவை. லொறியில் திறந்தபடி வந்தால் வழியிலேயே பாதி காய்ந்துவிடும். ஓலைகளைச் சேர்த்துக் கட்டி ஈரச் சாக்கால் சுற்றிக் கொண்டு வாருங்கள்.

வந்ததும் மாமர நிழலில் வையுங்கள். எத்தனை நாள் பழக்குவது என்று பலரும் கேட்பார்கள். நாளை எண்ணாமல் ஓலையை எண்ணுங்கள். நிழலில் விரிந்த பாம் ஓலை பிறகு வெயிலுக்குத் தன்னை மாற்றிக்கொள்ளாது. புதிய வெளிச்சத்தில் விரியும் புதிய ஓலைதான் அந்த வெளிச்சத்தைத் தாங்கும். அதனால் மாமர நிழலில் ஒரு முழு ஓலை விரியும்வரை, பிறகு நிழல் வலையின் கீழ் இன்னொன்று விரியும்வரை. ஓர் ஓலைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். ஐப்பசியில் நட நினைப்பவர் ஆனியில் கன்றைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.

7. நடும் காலமும் நடும் விதமும்

மணலில் ஐப்பசி நடுப்பகுதி, இரண்டு நல்ல மழை ஊறிய பிறகு. வைகாசிக் காற்றுத் தொடங்கும்போது கன்றுக்கு ஆறு மாத வேர் இருக்கும். படுவான்கரைத் தாழ்நிலத்தில் வெள்ளம் வடிந்த பின், தை நடுவில். சித்திரைப் புத்தாண்டையொட்டி நட்ட கன்று வேர்விட அவகாசமின்றி நேரே கச்சானில் மாட்டுகிறது. அந்த மாதத்தில் கன்று கைக்கு வந்தால் பையிலேயே ஐப்பசி வரை வைத்திருங்கள்.

மணலில் தரைமட்டத்துக்கு ஒரு சாண் கீழே பாத்தி எடுத்து, பாத்தியின் அடிமட்டமும் கன்றின் கழுத்தும் சமமாக வரும்படி நடுங்கள். வேர் தண்டில் தொடங்கும் இடம்தான் கழுத்து. அதை மண்ணால் மூடினால் வேருக்குக் காற்றுப் போகாது, புது ஓலை மஞ்சளாக வரும். காற்றுக்கு ஆடாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைப்பவர்கள் நிறைய. ஆடாமல் இருக்க மூன்று தடி ஊன்றிச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும்.

நடுவதற்கு முதல்நாள் பையை முழுக்க நனையுங்கள். பையைப் பிளேற்றால் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் இறக்குங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது, உள்ளே குருத்து முறியும். மண்ணை நிரப்பிக் காலால் மிதிக்காமல் தண்ணீரை ஊற்றி அமர்த்துங்கள்.

பிறகு மூடாக்கு: காய்ந்த சருகு, வைக்கோல், பொச்சுமட்டை எதுவானாலும் நாலு விரல் கனம் வேண்டும், தண்டிலிருந்து ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். தண்டோடு ஒட்டினால் மாரியில் அழுகல், கோடையில் கறையான். அன்றே சுற்றிக் கூடு அடையுங்கள். கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு கடியில் மூன்று ஓலையைக் கொண்டுபோகும்.

8. முதல் கச்சான்: தண்ணீர்

மணலில் முதல் ஆண்டுக் கமுகுக்கு நாளுக்கு 8 முதல் 10 லீற்றர், காலை பாதி, மாலை பாதி. ஒரே தடவையில் ஊற்றினால் பெரும்பகுதி வேரைத் தாண்டி இறங்கிவிடும். இரண்டாம் ஆண்டு 15, வளர்ந்த மரத்துக்கு 20 லீற்றர் வரை. களிமண்ணில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்த்து ஊற்றலாம்.

போதுமா என்று அறிய மூடாக்கை விலக்கி ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கையில் எடுத்துப் பிடியுங்கள். உருண்டை பிடித்து, விரல் பட்டதும் உடைந்தால் சரி. பிடிக்கவே இல்லையென்றால் கன்று ஏற்கனவே தாகத்தில் இருக்கிறது. மேற்பரப்பு ஈரம் எதையும் சொல்லாது.

மண்முட்டி புதைப்பது மணலுக்கு மிகப் பொருத்தம். பூச்சுப் பூசாத, எட்டு லீற்றர் கொள்ளும் முட்டியைக் கன்றிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கழுத்துவரை புதைத்து நிரப்பினால், மண் காயக் காய அதுவே கசியும். ஒரு கன்றுக்கு இரண்டு முட்டி. வாயை இறுக்கமாக மூடுங்கள், இல்லையென்றால் நுளம்பு பெருகும். உவர்நீர் ஊற்றிவந்தால் ஒன்றிரண்டு ஆண்டில் முட்டியின் துளைகள் அடைபடும், மாற்ற வேண்டியிருக்கும்.

மானி 450க்கு மேல் காட்டும் கிணறுகளுக்கு உப்புக் கழுவல்: பத்து நாளுக்கு ஒரு முறை, வழக்கமான அளவின் மூன்று மடங்கை ஒரே மாலையில் மெதுவாக ஊற்றுங்கள். நாள்தோறும் ஊற்றும் நீர் போய்விடுகிறது, அதிலிருந்த உப்பு வேரடியில் தங்கிவிடுகிறது. அதை வேருக்குக் கீழே தள்ளவே இது. உப்பைக் கண்டு பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு; அது உப்பை இன்னும் செறிவாக்கும்.

உவர்நீரை ஓலையில் தெளிக்கவே கூடாது. நீர் ஆவியாகி உப்பு ஓலையில் படியும். நல்ல தண்ணீர் இருந்தால் கிழமைக்கு ஒரு முறை காலையில் ஓலையின் அடிப்பக்கத்தைப் பீச்சிக் கழுவுங்கள். கச்சான் புழுதியில் பெருகும் சிலந்திப்பேன் அதில்தான் போகும்.

9. உரமும் ஓலை சொல்லும் குறையும்

வளர்ந்த கமுகுக்கு ஆண்டுக்கு யூரியா 220 கிராம், ரீ.எஸ்.பி. (பொசுபரசு உரம்) 90 கிராம், எம்.ஓ.பி. (பொட்டாசு உரம்) 230 கிராம், அதோடு தழை 12 கிலோவும் கூட்டெரு 12 கிலோவும். முதல் ஆண்டு இரசாயன உரத்தில் மூன்றில் ஒன்று, இரண்டாம் ஆண்டு மூன்றில் இரண்டு, மூன்றாம் ஆண்டு முதல் முழு அளவு. தழைக்குத்தான் கிளிசிறிடியா இருக்கிறதே.

மணலில் இதை இரண்டு தடவையில் போட்டால் பாதி மழையோடு போய்விடும். யூரியாவையும் எம்.ஓ.பி.யையும் ஆறாகப் பிரித்து, கடும் மழை நாட்களைத் தவிர்த்து, ஈர மண்ணில், தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகத் தூவிக் கொத்தி மூடுங்கள். ரீ.எஸ்.பி. ஒரு தடவை போதும். புதுக் கன்றுக்கு நட்ட பின் முதல் ஓலை விரியும்வரை எந்த உரமும் வேண்டாம். கிணறு உவரென்றால் எம்.ஓ.பி.க்குப் பதில் சல்பேற்றுப் பொட்டாசு நல்லது, எம்.ஓ.பி.யில் குளோரைட்டு உண்டு.

ஓலையைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது: பழைய ஓலையா, புது ஓலையா?

பழைய ஓலையில் செம்மஞ்சள் புள்ளிகள் வந்து நுனி கருகினால் பொட்டாசியக் குறை. மணலில் மஞ்சள் தண்டுப் பாமுக்கு இது மிகச் சாதாரணம். அந்த ஓலையை வெட்டாதீர்கள். மரம் அதிலிருக்கும் பொட்டாசியத்தை எடுத்துத்தான் குருத்துக்கு அனுப்புகிறது. வெட்டினால் குறை அடுத்த ஓலைக்கு ஏறும். முழுக்கக் காய்ந்த பிறகு எடுங்கள்.

பழைய ஓலையின் விளிம்பு அகலமாக மஞ்சளாகி நடு பச்சையாக நின்றால் மக்னீசியக் குறை. படுவான்கரை மண்ணுக்கு டொலமைற் (மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூள்) போடலாம். ஊரி (சிப்பி ஓட்டுத் துகள்) கலந்த கடற்கரை மணலில் ஏற்கனவே சுண்ணாம்பு அதிகம், அங்கே எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று) 50 கிராம் ஆண்டுக்கு இரண்டு தடவை.

புது ஓலை குறுகிச் சுருண்டு தீய்ந்தது போல் வந்தால் மங்கனீசு கிடைக்கவில்லை. இதுவும் ஊரி மணலின் நோய். மங்கனீசு சல்பேற்று லீற்றருக்கு மூன்று கிராம் கரைத்துக் குருத்தில் தெளியுங்கள். புது ஓலை சீராக மஞ்சளாக வந்தால் உரத்தைத் தேடும் முன் கழுத்தைத் தோண்டிப் பாருங்கள். ஆழமாக நட்டதுதான் பெரும்பாலும் காரணம்.

10. மாரியில் வருபவை

கச்சானைத் தாண்டிய கன்றைக் குருத்தழுகல் மாரியில் கொண்டுபோவதுண்டு. புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், ஒரு வீதப் போடோக் கலவையைக் குருத்தடியில் தெளியுங்கள். 45 நாள் கழித்து மழை ஓய்ந்த ஒரு நாளில் இன்னொரு முறை.

இந்தக் கலவைக்கு, மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) 100 கிராம் 5 லீற்றர் நீரில், சுண்ணாம்பு 100 கிராம் 5 லீற்றர் நீரில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக்குள் கலக்கியபடி ஊற்ற வேண்டும். பிளாஸ்ரிக் வாளி மட்டும். இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். அப்படியே தெளித்தால் ஓலை பொசுங்கும். அன்றைக்கே பயன்படுத்தி முடியுங்கள்.

ஓலை கத்தரித்தது போல் முக்கோணமாக வெட்டுப்பட்டு விரிந்தால் காண்டாமிருக வண்டு. ஓலைக் கவட்டில் மூன்று பூச்சி உருண்டை (நப்தலீன்) வைத்து மணலால் மூடுங்கள், 45 நாளுக்கு ஒரு முறை புதிதாக. வளவுக்குள் எருக்குவியலும் உக்கிய தென்னங்குற்றியும் இருக்கும்வரை வண்டு வந்துகொண்டே இருக்கும்.

11. இரண்டாம், மூன்றாம் கச்சான்

நிழல் வலையைக் கழற்றும் நாள் ஐப்பசியில், மூட்டமான வானத்தில். வைகாசியில் கழற்றினால் நிழலில் விரிந்த ஓலை அத்தனையும் ஒரு கிழமையில் வெளுக்கும்.

கமுகின் தண்டு வெளித்தெரியத் தொடங்கியதும் ஒவ்வொரு சித்திரைக் கடைசியிலும் மேற்கு, வடமேற்குப் பக்கத்துக்குச் சுண்ணாம்பு பூசுங்கள். பச்சைத் தண்டில் வெயில் சுட்டால் முதலில் பொன்மஞ்சள் திட்டு, பிறகு கபிலம், பிறகு வெடிப்பு. வெடிப்புக்குள் பூசணம் புகுந்து உள்ளே உக்கும். சில ஆண்டு கழித்து நல்ல பச்சைத் தலையோடு நிற்கும் மரம் காற்றில் அந்த இடத்தில் முறியும். பூச மறந்திருந்தால் காய்ந்த கமுகம் பாளையை அந்தப் பக்கத்தில் சுற்றிக் கட்டினாலும் போதும்.

வாழையை மூன்றாம் கச்சான் முடியும்வரை விடுங்கள். பிறகு மாரியில் வெட்டுங்கள், கிழங்கைத் தோண்டாமல் நடுவில் குடைந்து உக்கவிடுங்கள். தோண்டினால் கமுகின் வேர் அறுபடும். அதற்கு மேலும் வாழையை விட்டால் பொட்டாசியத்துக்கும் தண்ணீருக்கும் அதுவே போட்டியாகிவிடும். கிளிசிறிடியா வரிசை மட்டும் எப்போதும் நிற்கட்டும்.

ஐந்தாம் ஆண்டளவில் முதல் பாளை வரும். அந்த வயதுக் கமுகு இனித் தானே பார்த்துக்கொள்ளும் என்று ஆடியில் தண்ணீரை நிறுத்தினால் மரம் சாகாது, ஆனால் குரும்பை கொட்டும், தண்டில் அந்த இடம் ஒடுங்கிப்போகும், அந்த ஒடுக்கம் பிறகு நிரம்பாது. நாளுக்கு 20 லீற்றரை மழை விழும்வரை தொடருங்கள்.